காற்றுக்கு ஏற்ற ஜெட்

எஞ்சினிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்கை முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். பிறகு வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, நகைக்கடைக்காரர் கல் பார்ப்பதுபோல் அதன் நுனியைப் பார்ப்பார். வண்டியைக் கொண்டுவந்தவன் பக்கத்தில் நின்று, மூன்றாவது கியரில் இழுவை இல்லை, நான்காவதில் உதறுகிறது என்று வியாதியை விலாவாரியாக விவரித்துக்கொண்டிருப்பான். அது எதுவும் அவர் காதில் ஏறாது. "நீ சும்மா இருப்பா, அது சொல்லட்டும்" என்பார். நுனி கறுத்திருந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பற்றாக்குறை. பிஸ்கட் நிறத்தில் இருந்தால் மட்டும் தொண்டைக்குள்ளிருந்து 'ம்' என்று ஒரு சத்தம் வரும். அந்த ஒரு 'ம்'முக்காக எங்கெங்கிருந்தோ வண்டிகளை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். எல்லோருக்கும் அவர் பிளக்கண்ணன்.

வருகிறவை எல்லாம் ஏடிவிகள். பைக்கின் ஹேண்டிலும் சீட்டும், அடியில் நான்கு தடித்த டயர்களும் உள்ள மணல் வண்டிகள். விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே மணல்வெளியில் பந்தயம் நடக்கும். இரண்டிரண்டு வண்டிகள், நேர்க்கோட்டில் நூறு மீட்டர், அவ்வளவுதான். கொடி விழுந்து ஐந்து விநாடியில் கதை முடிந்துவிடும். அந்த ஐந்து விநாடிக்காக பிளக்கண்ணன் ஐந்து வாரம் சிலிண்டரை ராவுவார், புகைக்குழாயை அறுத்து ஒட்டுவார், ஒட்டியதை மறுபடி அறுப்பார். இதை வேலையற்ற வேலை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுடைய வண்டிகளையும் அவர்தான் பார்க்கிறார்.

அவருடைய ஆஸ்தி ஒரு மாத்திரை டப்பா. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறைகள் கொண்டது. மனைவி தன் அப்பாவுக்காக வாங்கிவைத்ததை இவர் அபகரித்துக்கொண்டார். அதற்குள் இருப்பவை ஜெட்டுகள். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பித்தளைத் திருகுகள், நடுவில் ஊசித் துளை. எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்று தீர்மானிப்பது அந்தத் துளைதான். சின்னத் துளை ஞாயிற்றுக்கிழமை, பெரிய துளை சனிக்கிழமை. "ஒரு புதன்கிழமை எடுத்துக் குடும்மா" என்று அவர் வண்டிக்கு அடியிலிருந்து கை நீட்டுவார். ஷெட்டின் முன்பாதியில் உட்கார்ந்து வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கும் மனைவி, தையலை நிறுத்தாமலே எடுத்துக் கொடுப்பார். "வீட்டுல நான் மூணு தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாரு. தெருமுனையில ஒரு வண்டி இருமினா சோத்துல வெச்ச கையோட எந்திரிச்சிடுவாரு" என்பது அந்த அம்மாளின் நிரந்தரப் புகார்.

கருவிப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். மணிக்கு ஒரு தரம் அதைப் பார்ப்பார். வெயில் ஏறினால் காற்று இளைத்துப்போகும், சின்ன ஜெட் போட வேண்டும். குளிர்ந்தால் காற்று கனக்கும், பெரிய ஜெட் போட வேண்டும். இதை மறந்து சின்ன ஜெட்டையே விட்டுவைத்தால் வண்டி நின்றுபோகாது. அங்கேதான் ஆபத்து. "பட்டினி போட்டா எஞ்சின் மொதல்ல பிரமாதமாத்தான் ஓடும்" என்பார். மூன்று விநாடி பேய் பிடித்ததுபோல் பறக்கும். நான்காவது விநாடியில் பிஸ்டன் உருகி ஒட்டிக்கொள்ளும், பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், ஓட்டுபவர் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவார். அப்படி விழுந்து தோள்பட்டை நொறுங்கிய ஒருவனை அவரே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

இத்தனை தெரிந்த மனிதரிடம் ஒரு குணம் மட்டும் கொஞ்சம் கஷ்டம். அவருடைய நீல நோட்டில், கெட்டுப்போன எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் தேதி, வெப்பம், ஜெட் நம்பர், காரணம் என்று நான்கு கட்டங்கள் உண்டு. இருபத்திரண்டு வருடத்துக் காரணங்களைப் படித்துப் பார்த்தால், பெட்ரோலில் தண்ணீர், பிஸ்டன் மட்டம், ஓட்டியவன் அவசரம், மணல் ஈரம் என்று உலகமே குற்றவாளிக் கூண்டில் நிற்கும். அவர் மட்டும் அதில் இல்லை. ஒருமுறை எண்ணெய் மூடியை மறந்து வண்டியை அனுப்பிவிட்டார். அதற்கும் 'மூடியில் மரை சரியில்லை' என்றுதான் எழுதியிருக்கிறார். மனைவி அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்தார். பிளக்கண்ணனுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

பந்தய நாளில் அவர் ஓட்டத்தைப் பார்ப்பதே கிடையாது. தடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைக் கட்டி, தலையைச் சாய்த்து நிற்பார். கண் பார்த்தால் காது சோம்பேறி ஆகிவிடும் என்பது அவர் கட்சி.

அவர் கைப்பட்ட வண்டிகளில் ஒன்றை ஓட்டுவது அவருடைய தங்கை. முப்பத்துநான்கு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மணல்வெளியில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணனுக்கு மட்டும் இன்னும் குட்டி. போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் இறுதி ஓட்டத்தில் ஒரு சக்கர வித்தியாசத்தில் தோற்றவள். இந்த முறை ஜெயித்தே ஆக வேண்டும் என்று, பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில்கூட விடியற்காலையில் போய்ப் பழகினாள். "நீ ஓட்டுறதை மட்டும் பாரு, மத்ததெல்லாம் என் பொறுப்பு" என்று அண்ணன் சொல்லியிருந்தார். அவளும் அதற்கப்புறம் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை.

பந்தயத்தன்று மதியம் தகிக்கிற வெயில். அரையிறுதிக்கு அவளுடைய வண்டியில் சின்ன ஜெட்டைப் போட்டார். கணக்கு பிசகவில்லை, அரை வண்டி நீளத்தில் ஜெயித்தாள். அடுத்து நடந்த வேறொரு பிரிவின் ஓட்டத்தில் யாருடைய வண்டியோ தடத்தின் நடுவில் எண்ணெயைக் கொட்டிவிட்டது. அந்த மணலை அள்ளி அப்புறப்படுத்த ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் மேகம் கவிந்து காற்றும் குளிர்ந்துவிட்டது. பிளக்கண்ணனைச் சுற்றிக் கூட்டம் கூடியது. எந்த ஜெட் போடலாம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வெப்பமானியைத் தூக்கிக் காட்டி, குளிர்ந்த காற்றைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். வரிசையாக நான்கு வண்டிகளுக்குப் பெரிய ஜெட் மாற்றிக்கொடுத்தார். அந்த நான்கில் ஒன்று, இறுதி ஓட்டத்தில் தங்கையோடு மோதப் போகிற வண்டி. அதையும் மனம் கோணாமல்தான் செய்தார். தொழிலில் அவர் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை.

இறுதி ஓட்டத்துக்கு இரண்டு வண்டிகளும் கோட்டில் போய் நின்றன. பிளக்கண்ணன் வழக்கம்போல் திரும்பிக்கொண்டார். தங்கை ஒருமுறை முறுக்கிப் பார்த்தாள். சத்தம் கணீரென்று எழும்பியது. கூட்டம் கைதட்டியது. அவர் மட்டும் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். அத்தனை கூர்மையான சத்தம், பெட்ரோல் போதாத எஞ்சினில்தான் வரும். மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். சிவப்பு வண்டி, பச்சை வண்டி, அந்த நெட்டையனுடையது, எதிராளியுடையது. நான்கு. குட்டியின் வண்டியை அவர் தொடவே இல்லை.

ஐம்பத்தொரு வயது மனிதர் ஓடினார். செருப்பு ஒன்று மணலில் நின்றுவிட்டது. கொடிக்காரர் கையை உயர்த்தியிருந்தார். ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சிவப்புக் கயிறு இருக்கும். ஆள் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சின் அணையும். பிளக்கண்ணன் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வண்டி செத்தது.

தங்கை ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள். "அண்ணே, என்ன பண்ற நீ?"

"ஜெட்டு மாத்தலை, குட்டி."

"யாரு மாத்தலை?"

அவர் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருடமாகப் பழகாத வார்த்தை சட்டென்று வந்துவிடுமா என்ன? உதடுகள் மட்டும் அசைந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருட ஆசை அந்த இடத்திலேயே உடைந்து கண்ணில் நீராக நின்றது.

கோட்டில் நின்றபின் ஜெட் மாற்ற விதியில் இடமில்லை, விலகத்தான் வேண்டும். விலகினால் யாரால் என்று, அதற்குக் காரணமானவர் கை தூக்கிச் சொல்ல வேண்டும். ஓட்டுபவர் கையைத் தூக்கினால், பயந்துவிட்டார் என்று நாலு பேர் பேசுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். மெக்கானிக் கையைத் தூக்கினால் வேலையில் பிழை என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள், வருடம் முழுக்க அந்த மணல்வெளியில் அதுவே பேச்சாக இருக்கும். பிளக்கண்ணன் அந்தக் கோட்டில் ஒருநாளும் கை தூக்கியதில்லை.

கொடிக்காரர் அருகில் வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு?" என்றார்.

தங்கை அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். கையுறையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வலது கையை உயர்த்தப் போனாள்.

பிளக்கண்ணன் அந்தக் கையை நடுவழியிலேயே பிடித்தார். மெல்லக் கீழே இறக்கி ஹேண்டிலின் மேல் வைத்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, தன்னுடைய கையைத் தூக்கினார். ஒலிபெருக்கி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, வேறு அறிவிப்புக்குப் போய்விட்ட பிறகும் அவர் அதை இறக்கவில்லை.