உப்பு மண்டிக்காரர் வளர்த்த கடல்

தேனி பஜாரில் உப்பு மண்டி வைத்திருந்த ஜெபமணி, ஒரு பிடி உப்பை விரலால் நெரித்துப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் மூன்று வருஷமாக உப்பை நாக்கில் வைத்ததில்லை. ரத்தக் கொதிப்புக்காக டாக்டர் குறைத்துக்கொள்ளச் சொன்னார். இவர் அடியோடு நிறுத்திவிட்டார். அளவோடு நடந்துகொள்ளும் பழக்கம் அவருக்குத் தராசுக்கு முன்னால் மட்டும்தான் உண்டு.

அப்படிப்பட்டவர், எண்பத்து மூன்று மார்ச்சில், வீட்டு முன்னறையில் கடல் வளர்க்கத் தொடங்கினார். தூத்துக்குடியிலிருந்த மச்சினன் அய்யாத்துரை, ஐந்து மீன்களையும் நாலு பவளப்பாறைத் துண்டுகளையும் ஒரு கடல் சாமந்தியையும் உப்பு லாரியிலேயே அனுப்பிவைத்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். பூவைப் போலிருக்கும் அந்தப் பிராணியின் விரல்களுக்குள் புகுந்து புறப்படுவதுதான் அவற்றின் முழுநேர உத்தியோகம். ஜெபமணி கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார்.

பத்தே நாளில் மூன்று மீன்கள் செத்தன. புதுத் தொட்டியில் ஐந்தையும் ஒன்றாக விட்டு, வந்த விருந்தாளிக்குப் போடுவதுபோல வேளாவேளைக்குத் தீனியும் போட்டால் தண்ணீர் கெடாமல் என்ன செய்யும் என்று அய்யாத்துரை கடிதம் எழுதினான். மிச்சமிருக்கும் இரண்டும் போனால் இனித் தன்னிடம் கேட்கக் கூடாது. கடலில் சும்மா கிடப்பதைப் பிடித்து மலையடிவாரத்தில் சாகக் கொடுக்கத் தன்னால் ஆகாது என்றும் முடித்திருந்தான். ஜெபமணி அந்தக் கடிதத்தை பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு குறையும் வைக்கவில்லை. தீனியைப் பாதியாகக் குறைத்தார். வாரம் தவறாமல், திங்கள்கிழமை லாரியில் நாலு கேன் கடல் தண்ணீர் வந்தது. மே மாத வெயிலில் தொட்டித் தண்ணீர் நாளுக்கு ஒரு விரற்கடை இறங்கும். கோடு வரைக்கும் கடல் தண்ணீரை ஊற்றி நிரப்புவார். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் பூத்ததைக் காலையில் பிளேடால் சுரண்டி, நெரித்துப் பார்த்து, முதல் தரம் என்று தனக்குள் மெச்சிக்கொள்வார். அது ஏன் பூக்கிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பியபோது, சாமந்தி மூடிய கைமுட்டியாய்ச் சுருங்கிக் கிடந்தது. மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் தொங்கியபடி வாயைத் திறந்து திறந்து மூடின. காற்று மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புதுத் தண்ணீர் வந்தால் பிழைத்துவிடும் என்று நினைத்தார். லாரியோ மறுநாள் சாயங்காலம்தான் வரும். மீன்கள் அதுவரை தாங்கும் என்று தோன்றவில்லை. பக்கத்துச் சைக்கிள் கடை சீனிச்சாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"உப்பும் உங்ககிட்டதான் இருக்கு, மீனும் உங்ககிட்டதான் இருக்கு. கருவாடு போட்டா நமக்கும் ஒரு பங்கு குடுங்க அண்ணாச்சி."



ஜெபமணியின் மனைவி சாராள் அடுப்படியிலிருந்து வந்தாள். தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். பிறகு காலிக் கேனைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் ருசி பார்த்தாள்.

"கேன்ல இருக்கது கடல். தொட்டில இருக்கது ஊறுகாத் தண்ணி."

இரண்டும் ஒரே லாரியில் வந்ததுதான் என்றார் இவர்.

"கொழம்பு வத்துனா உப்பா வத்துது? தண்ணிதான வத்துது. வத்துன கொழம்புல மறுபடியும் கொழம்பையே ஊத்திக்கிட்டு இருக்கீக."

ஜெபமணி கண்ணாடி விளிம்பில் மறுபடி பூத்திருந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தார். வெயில் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பை விட்டுவிட்டுப் போகும். அவருடைய முப்பது வருஷ வியாபாரம் நிற்பதே அதன் மேல்தான். தன் முன்னறையிலேயே ஒரு உப்பளம் போட்டிருந்தது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

சாராள் கிணற்றுத் தண்ணீரை ஒரு குடம் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் நல்ல தண்ணீர் கடல் மீனைக் கொல்லும் என்பதும் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். செம்பை எடுத்தவர் சாராளைப் பார்த்தார்.

"செத்துப்போச்சுன்னா?"

"இப்ப மட்டும் என்ன செஞ்சுக்கிட்டு இருக்கு?"

அவர் விரலைத் தொட்டிக்குள் விட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு உப்பு நாக்கில் பட்டது, முகம் கோணிற்று. பிறகு தொட்டியிலிருந்து ஒரு செம்பு மொண்டு வெளியே ஊற்றி, ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரை, குமிழி வருகிற மூலையில், நூல் போல விட்டார். அரைமணி நேரம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி ஒரு செம்பு. நாலாவது செம்புக்குச் சின்ன மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தினால் பழைய ஊறுகாய்தான் என்று சாராள் செம்பை வாங்கிக்கொண்டாள். முன்னைவிட மெதுவாக ஊற்றினாள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் சின்ன மீன் நிமிர்ந்தது. திங்கள் மத்தியானம் சாமந்தி பாதி விரிந்தது. மீன்கள் இரண்டும் அதற்குள் புகுந்துகொண்டன.

அன்று சாயங்காலம் லாரிக்காரன் சுருளியாண்டி, வழக்கம்போல நாலு கேனையும் இறக்கப் போனான். ஜெபமணி ஒரு கேனை மட்டும் வாங்கி மூடி வைத்தார். தினமும் தொட்டியில் ஒரு விரல், கேனில் ஒரு விரல் ருசி பார்ப்பார். தொட்டி கரித்தால் கிணற்றுத் தண்ணீர்.

அடுத்த மாதம் டாக்டர் கொதிப்பை அளந்துவிட்டு, உப்புச் சேர்க்கிறீர்களா என்று கேட்டார்.

"சாப்பாட்டுல துளி கிடையாதுங்க."

சாராள் டாக்டரின் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.