ஃபார்மட் செய்யவா என்று கேட்ட டிஸ்க்

எங்கள் சங்கத்துச் செயலாளர்தான் அந்த டிஸ்கை அழித்தார். நான் காலி டிஸ்கைக் கொடுத்ததாக எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். அது பொய்.

டெல்லி கரோல் பாக்கில் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம் எங்களுடையது. பொங்கல் விழாவில் எங்கள் தலைவர் பேசினார். நான் வீடியோ எடுத்தேன். சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அந்தப் பேச்சு அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது.

என் வீட்டுக் கணினி ஆபீசில் கழித்துப்போட்டது. விண்டோஸ் போட்டால் திணறியது. காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போட்டேன், இன்றும் ஓடுகிறது. உள்ளே இடம் குறைவு. அதனால் வீடியோக்களை வெளி டிஸ்கில் வைப்பேன். அதுவும் லினக்ஸுக்காக அமைத்த டிஸ்க். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லவும் செய்யாது. ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். சரி என்றால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

தலைவரின் மனைவிக்குக் காப்பி வேண்டும் என்று செயலாளர் வந்தார்.

"உங்க லேப்டாப்ல போடாதீங்க சார். இது லினக்ஸ்ல மட்டும்தான் திறக்கும்."

"என் பையன் இன்ஜினியர் சார். லினக்ஸ் எல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. ஜல்தி கொடுங்க, ஆட்டோ நிக்குது."

கொடுத்துவிட்டேன். மகன் வரும்வரை அவருக்குப் பொறுமை இல்லை. மறுநாள் போன் வந்தது.

"என்ன சார், டிஸ்க் காலியா இருக்கு?"

"ஃபார்மட் செய்யவான்னு கேட்டுச்சா?"

"ஏதோ கேட்டுச்சு. அது எல்லாத்துக்கும்தான் கேக்குது. ஓசி சாமான்ல வேலை செஞ்சா இப்படித்தான் சார்."

அந்த டிஸ்க் விண்டோஸில் திறந்து, காலி என்று காட்டுகிறது என்றால், யாரோ சரி என்று அழுத்தியிருக்கிறார்கள். வேறு வழியே கிடையாது.

"அதுல ஒண்ணும் எழுதாதீங்க. மேல எதுவும் எழுதலைன்னா மீட்டுப் பார்க்கலாம். இப்பவே வரேன்."

"அச்சா, அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அவர் வீட்டுக்குப் போனால் ஆள் இல்லை என்கிறார்கள். வாசலில் அவர் செருப்பு கிடக்கிறது.

பிறகு தலைவரின் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க எடுக்கவே இல்லையாமே. எடுக்கலைன்னா பரவாயில்ல. சொல்லிடுங்க, நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

"எடுத்தேம்மா" என்றேன்.

நேற்று சங்கத்துப் பொருளாளர் சொன்னார்: ஹரித்வார் டூர் போட்டோக்களை எல்லாம் செயலாளர் அந்தக் காலி டிஸ்கில் ஏற்றப் போகிறாராம். அதில் ஏறும் ஒவ்வொரு போட்டோவும் அந்த மனிதரின் குரலில் ஒரு துண்டைத் தின்றுவிடும்.

செயலாளரே, இந்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடுகிறது. டிஸ்கில் எதையும் ஏற்றாமல் கொண்டுவந்து மேசைமேல் வையுங்கள். ஃபார்மட் செய்யவா என்று கேட்டபோது நீங்கள் எதை அழுத்தினீர்கள்? அந்த அம்மா முன்வரிசையில் இருப்பார். மைக்கில் சொல்லுங்கள்.