விழா நடுவே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போன ஷிஜி: பாறசாலைப் பக்கம் ஒரு சனிக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணத்தில் பாதி நேரம் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மதுரைக்காரிக்குத் தமிழும் தமிழ்நாட்டு எல்லையும் புரியாமலா போய்விடும் என்று தெனாவெட்டாகத்தான் கிளம்பினேன். நெய்யாற்றின்கரையில் வேலை பார்க்கும் என் தோழி பிந்து டீச்சர் போனில் கூப்பிட்டிருந்தாள். "எங்க வாசகசாலையில, தொழில் தொடங்கின சின்னவயசுக்காரங்களுக்குப் பாராட்டு உண்டு. ஒனக்கு எழுதக் கொள்ளாம், நல்ல விஷயமாக்கும். வாறியா?" என்றாள். சிறு தொழில் செய்கிறவர்களைத் தேடிப் போய் எழுதுவதுதானே இந்த வலைப்பதிவின் பிழைப்பு? சென்ற மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, முதல் நாள் இரவு நாகர்கோவிலில் தங்கி, காலை எட்டரைக்குக் களியக்காவிளை பேருந்தில் ஏறினேன். முப்பத்தெட்டு ரூபாய் டிக்கெட். ஒன்றே கால் மணி நேரம். சன்னலோர இருக்கை கிடைத்தால் யோகம், எனக்குக் கிடைக்கவில்லை.

குழப்பம் களியக்காவிளையிலேயே ஆரம்பித்துவிட்டது. பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரரிடம், "பாறசாலைப் பக்கம் ஒரு வாசகசாலைக்குப் போகணும்ணே" என்றேன்.

"எந்த வாசகசாலை? அங்க அஞ்சாறு உண்டு."

பெயரைச் சொன்னேன். யோசித்தார். "எனக்க வண்டி தமிழ்நாட்டு வண்டியாக்கும். அந்தால நடந்தா கேரள ஆட்டோ நிக்கும், அதில கேறிப் போங்க."

"அந்தாலன்னா எங்கேண்ணே? எல்லை எங்க இருக்கு?"

"அந்தப் பேக்கரிக்கு அங்கோட்டு."

பேக்கரியில் கேட்டால், இன்னும் நாலு கடை தள்ளி என்றார்கள். நாலு கடை தள்ளிக் கேட்டால், தாண்டியாச்சே என்றார்கள். இந்தப் பக்கமும் நேந்திரங்குலை தொங்குகிறது, அந்தப் பக்கமும் அதே குலைதான். பெயர்ப்பலகையில் எழுத்து மாறியதைப் பார்த்துத்தான் மாநிலம் மாறிவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன். எரிச்சலாக வந்தது. ஒரு கோடாவது போட்டு வைக்கக் கூடாதா?

கேரளப் பக்கத்து ஆட்டோ நிறுத்தத்தில் பிந்து எனக்காகக் காத்திருந்தாள். ஆட்டோவில் ஐந்து கிலோமீட்டர், நூற்றுப்பத்து ரூபாய். ரப்பர் மரங்களுக்கும் மரவள்ளித் தோட்டங்களுக்கும் நடுவே ஒற்றை வண்டி மட்டும் போகிற சந்துகள். எதிரே ஒரு பைக் வந்தாலும் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும்.

போகிற வழியில் பிந்து சொன்னாள். மூன்று பேருக்குப் பாராட்டாம். காளான் வளர்க்கும் ஒரு பையன், பாலராமபுரம் கைத்தறித் துணியில் பை தைத்து விற்கும் ஒரு பெண், மூன்றாவதாக ஷிஜி. இருபத்தாறு வயது. "அவ இவன்ட்ஸ் வச்சிருக்கா" என்றாள் பிந்து. நான் மனசுக்குள் பூ வளைவு, மணமேடை, கலர் விளக்கு எல்லாம் கட்டிவிட்டேன்.

"இன்னைக்கு நல்லபடியா நடக்கணும். அவளுக்க அம்மை ரத்னம்மா முத தடவையா வாறா. சாமான் எல்லாம் கெடக்கிய ஷெட்டு அம்மைக்க பேரிலாக்கும். காலத்தயே அத பூட்டி, தாக்கோல முந்தியில முடிஞ்சிட்டா. பாராட்டப் பாத்திட்டு, ஷெட்டு உண்டா இல்லியான்னு சொல்லியேன்னு சொல்லியிருக்கா."

தாக்கோல் என்றால் சாவியாம். "ஷெட்டு இல்லைன்னு சொல்லிட்டா?"

"தொழில் அத்தோட தீந்துது. திருவனந்தபுரத்தில துணிக்கடையில பில்லு போடியதுக்கு ஒரு வேலையும் பாத்து வச்சிருக்கா."

கல்யாண வீடுகளை அலங்கரிக்கிற மகள்மேல் தாய்க்கு அப்படியென்ன கோபம் என்று கேட்பதற்குள் வாசகசாலை வந்துவிட்டது.

நல்ல கூட்டம். வரிசையாகச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். எனக்கு இரண்டாம் வரிசையில் இடமும், கையில் டீயும் பழம்பொரியும் கிடைத்தன. பழம்பொரி பிரமாதம், அதைப்பற்றி மட்டும் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. முன்வரிசையில் சந்தன நிறச் சேலையில் ஒரு அம்மா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முந்தானை நுனியில் முடிச்சு. அவர்தான் ரத்னம்மா என்று பிந்து கண்ணைக் காட்டினாள். மேடையில் மலையாளத்தில் ஆரம்பிக்கிற வாக்கியம் தமிழில் முடிந்தது, தமிழில் ஆரம்பித்தது மலையாளத்தில் முடிந்தது. எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்து வைத்தேன்.

காளான் பையனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்துப் பை தைக்கும் பெண். கைதட்டல் ஏனோ பின்பக்கமாக நகர்ந்து போய்க்கொண்டே இருப்பதுபோல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பின் வரிசைகளைக் காணோம்! சுடிதார் போட்ட ஒரு பெண் ஆறேழு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வெளியே போகிறாள். வாசலில் ஒரு குட்டி பிக்கப் வண்டி. உட்கார்ந்திருந்தவர்கள் பெட்டிப் பாம்பாகச் சுவரோரம் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே கைதட்டுகிறார்கள். ஒருவராவது ஏன் என்று கேட்க வேண்டுமே? ஊஹூம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடகைத் தகராறு போலிருக்கிறது, அதற்காக நடுச் சபையிலா இப்படி? அவள் எங்கள் வரிசைக்கு வந்தாள். "சேச்சி, கொஞ்சம் எழும்புங்க."

"எதுக்குங்க எழுந்திரிக்கணும்? எதுவா இருந்தாலும் முடிஞ்சப்புறம் பேசிக்கக் கூடாதா? அடுத்து ஒரு பொண்ணை மேடைக்குக் கூப்பிடப் போறாங்க. அந்த நேரம் பாத்து நாற்காலிய உருவினா அவளுக்கு எப்படி இருக்கும்?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "அந்தப் பொண்ணு நாந்தான் சேச்சி. எங்க ஊரு தங்கப்பன் மாமன் மரிச்சுப்போனாவ. வீட்டில ஆளு வந்து நிக்கியது."

நான் எழுந்துவிட்டேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சுவரோரம் இழுத்துப்போய் பிந்து விளக்கினாள். ஷிஜியின் இவன்ட்ஸ் என்பது சாவு வீட்டுக்கு வேண்டியதுதான். பந்தல், நாற்காலி, விளக்கு, குளிர்ப்பெட்டி. டவுனில் இருக்கும் பெரிய ஆட்களின் லாரி இந்தச் சந்துகளுக்குள் நுழையாது, இவளுடைய குட்டி வண்டி நுழையும். இங்கே ஒரு வழக்கம் உண்டு. மரிப்பு என்று சேதி வந்தால், பக்கத்தில் எந்த வீட்டில், எந்த விழாவில் நாற்காலி கிடந்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம். யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். கேட்டது நான் ஒருத்திதான்.

"ஷெட்ல வேற நாற்காலி இல்லையா?" என்றேன்.

"இருக்கியது. தாக்கோல் அம்மைகிட்டல்லியா?"

"கேட்டு வாங்கினா என்ன?"

"கேட்டா, இது சமயமான்னு அம்மை இஞ்சயே தொடங்கிடுவாளோன்னு பயம். மரிச்ச வீட்டு வண்டியில கேறி நடக்கியவள எவன் கல்யாணம் கெட்டுவான்னுதானே தெனமும் சண்டை? இப்பம் அம்மைக்க கண்ணு முன்னாலயே கசேர பெறக்கியா. எல்லாம் போச்சு."

அந்த நேரம் பார்த்து மைக்கில் ஷிஜியின் பெயரை அழைத்தார்கள். மொத்தக் கூடமும் நின்றுகொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தது ரத்னம்மா மட்டும். மேடைக்குப் போக வேண்டிய மகள் அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஒனக்க பேர விளிக்கினும். கேக்கியா?" என்றார் அம்மா, தலை நிமிராமல்.

"கேட்டேன். நீங்க இருக்கிய கசேரதாம்மா மிச்சம்."

போச்சு, இப்போது வெடிக்கப்போகிறது என்று நான் பிந்துவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மேடையில் பொன்னாடையை விரித்துப் பிடித்தவர் அப்படியே நின்றார்.

"மரிச்சது யாரு?"

"தங்கப்பன் மாமன்."

ரத்னம்மா தலையை நிமிர்த்தினார். "அவிய பொண்டாட்டிக்கு முட்டு வலியாக்கும். அவளால நிக்க முடியாது" என்றார். எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தானே தூக்கினார். மகள் வாங்கப் போனாள், கொடுக்கவில்லை.

"வண்டியில யாரு உண்டு?"

"சஜி அண்ணன்."

"நான் அவனுக்ககூட போறேன். நீ மேடையில கேறு."

"அம்மா, நீங்க அந்த வண்டியில..."

"கேறு பிள்ளே. ஆளுவ எம்புட்டு நேரம் நிப்பினும்?"

வாசல்வரை போனவர் நின்றார். முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். பின்னாலேயே ஓடிப்போன மகளின் கையில் சாவியை வைத்தார். "பந்தல் துணி ஷெட்டுக்குள்ளயாக்கும் கெடக்கியது. இத முடிச்சிட்டு எடுத்திட்டு வா. இனி இது ஒனக்க கையில இருக்கட்டு." அவ்வளவுதான். நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார், வண்டி புறப்பட்டுவிட்டது. மகள் மேடை ஏறியதை அவர் பார்க்கவில்லை.

கீழே போட்டிருக்கும் படத்தைப் பார்த்து, ஊரே எழுந்து நின்று மரியாதை செய்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். உட்கார நாற்காலி இல்லை, அதுதான் விஷயம். ஆனால் அன்றைக்கு யாருக்கும் உட்காரத் தோன்றியிருக்காது என்றும் படுகிறது. இரண்டில் எது சரி என்று இன்னும் எனக்குத் தெளியவில்லை. ஷிஜியின் வலது கையில் கேடயம். இடது கை மூடியிருக்கிறது, உள்ளே என்ன என்று உங்களுக்குத் தெரியும். படம் எடுத்த மறு நிமிடம் பொன்னாடையோடேயே ஷெட்டுக்கு ஓடினாள். அவளிடம் நான் கேட்க வைத்திருந்த கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். களியக்காவிளையில் எல்லையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், பெயர்ப்பலகையைப் பார்த்து நடங்கள். போகுமிடத்தின் பெயரை மலையாளத்திலும் எழுதி வைத்துக்கொண்டால் கேரள ஆட்டோக்காரரிடம் காட்டலாம். தமிழ் எல்லோருக்கும் புரியும், அவர்கள் பேசுவது உங்களுக்குப் புரிய அரை நாள் ஆகும். நேரமிருந்தால் அமரவிளை வழியாகப் பாலராமபுரம் போய்க் கைத்தறி பாருங்கள், பாறசாலையிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். பழம்பொரியைச் சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்து விழா எதற்காவது போய், நடுவில் ஒரு பெண் வந்து எழுந்திருக்கச் சொன்னால், என்னைப்போல் வாயைக் கொடுக்காதீர்கள். எழுந்து, உங்கள் நாற்காலியை நீங்களே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வையுங்கள்.