செவ்வாய்க்குப் போன கொசுறு

உடன்குடி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பால்துரை, செவ்வாய்க் கிரகத்துக்கு அரிசி அனுப்பியவர். அதைப் பெருமையாக யாரிடமும் சொன்னதில்லை. எங்கே போனாலும் அரிசி அரிசிதான் என்பது அவர் கட்சி.

ஊருக்கு வெளியே தேரிக்காட்டில், செம்மணல் மேடுகளுக்கு நடுவில், ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வெள்ளையாக ஒரு வீடு கட்டியிருந்தது. செவ்வாயில் மனிதர் குடியிருந்தால் எப்படிச் சமாளிப்பார்கள் என்று பார்ப்பதற்காக ஆறு பேர் அதற்குள் அறுபது நாள் அடைந்து கிடக்க வேண்டும். அவர்கள் ஒரு வார்த்தை பேசினால் வெளியில் இருப்பவர்களுக்கு இருபது நிமிடம் கழித்துத்தான் வந்து சேரும். அசல் கிரகத்தில் அப்படித்தானாம். உடன்குடியில் மினிபஸ் ஏறினால் பத்தாவது நிமிடம் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம்.

அந்த வீட்டுக்கு அரிசி பால்துரை கடையிலிருந்துதான் போனது. முப்பது வருஷத்தில் எடை குறைகிறது என்று அவர் கடை வாசலில் ஒருவரும் வந்து நின்றதில்லை. தராசு ஒரு கிலோ காட்டியதும் அவர் கை தானாக மூட்டைக்குள் போய் ஒரு பிடி அள்ளிக் கொசுறாகப் போட்டுவிடும். போட்டால்தான் அவருக்கு வியாபாரம் முடிந்த மாதிரி. செவ்வாய்க்குப் போன நூறு பொட்டலத்தையும் அப்படித்தான் கட்டினார். வாங்கியவர்களும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து ஒரு கிலோவுக்குக் குறைகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். கூடினால் திருப்பி அனுப்புகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் திட்டத் தலைவர் வரது கருப்பட்டி வாங்க வந்தார். முகம் வாடிக் கிடந்தது.

“உள்ளே ஸ்டோர் பார்க்கிற இந்துமதியை வெள்ளிக்கிழமை வெளியே எடுக்கப் போறோம், அண்ணாச்சி.”

“மேலுக்கு முடியலியா சார்?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. பொய்க் கணக்கு எழுதறா. அறுபது பொட்டலம் பிரிச்சிருக்கா, அறுபத்திரண்டு கிலோ சமைச்சதா எழுதியிருக்கா. போகாத அரிசியை எப்படித் தின்னாங்க? உள்ளே இருக்கிற தராசு சரியா இருக்குன்னு பார்த்தாச்சு.”

இந்துமதி சாத்தான்குளத்துப் பெண். பரீட்சை, மருத்துவச் சோதனை என்று இரண்டு வருஷம் முட்டி மோதி உள்ளே போனவள். பொய் எழுதினாள் என்று பேர் வந்துவிட்டால் பிறகு எந்த ஆய்வுக்கூடத்திலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள்.

பால்துரைக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் ‘என் எடை தப்பு’ என்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் தப்பு என்று பஜார் நின்று கேட்காது. அந்த மூன்று வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஒரு பிள்ளையின் பிழைப்பு போகப் போகிறது என்று தெரிந்தும் அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. வரது கருப்பட்டியோடு போய்விட்டார்.

மறுநாள் வியாழன். யாருக்கோ சீனி நிறுத்தார். தராசு நின்றதும் கை மூட்டைக்குள் போனது. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஷட்டரை இழுத்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, பட்டப்பகல்ல கடைய அடைக்கிய? எங்கயும் சாவா, துட்டியா?” என்று எதிர்க்கடை மகாராஜன் கேட்டான்.

“செவ்வாய்க்குப் போயிட்டு வாரேன்.”

மினிபஸ்ஸில் தேரிக்காட்டுக்குப் போய் வரதுவைப் பார்த்தார். “பிரிக்காத பொட்டலம் ஒண்ணை நிறுத்துப் பாக்கச் சொல்லுங்க சார்” என்றார். செய்தி போக இருபது நிமிடம், பதில் வர இருபது நிமிடம். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வீடு தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிடக் கூடாதாம்.

பதில் வந்தது: ஆயிரத்து முப்பத்தாறு கிராம். இந்துமதி சும்மா இருக்கவில்லை. இன்னும் ஐந்தைப் பிரிக்காமல் நிறுத்திருந்தாள். ஒன்றுகூட ஆயிரத்து முப்பதுக்குக் கீழே இல்லை.

வரது ஒரு படிவத்தை நீட்டினார். ‘பிழை’ என்ற இடத்தில் ‘எடை தப்பு’ என்று பால்துரை எழுதினார். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘வழக்கம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திருத்தம் போட அவருடைய ஒரு பிடி எத்தனை கிராம் என்று தெரிய வேண்டியிருந்தது. அங்கேயே இருபது தடவை அள்ளச் சொல்லி நிறுத்தார்கள். சராசரி இருபத்தெட்டு.

“பொட்டலத்துல கூடுதலா இருந்ததைவிட இது குறைச்சலா இருக்கே, அண்ணாச்சி?”

“இது சும்மா அள்ளுனது சார். அது உள்ள போய் அடைஞ்சு கெடக்கப் போற பிள்ளைகளுக்குல்லா.”

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வரதுவுக்குத் தெரியவில்லை.

பால்துரை பயந்தபடியே சேதி பஜாருக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவர் தராசு நின்ற இடத்தில் கையை நிறுத்திக்கொண்டார். அண்ணாச்சிக்கு நம் மேல் என்ன கோபமோ என்று ஜனங்கள் பையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ராத்திரிச் சோறு அவருக்கு இறங்கவில்லை என்று மனைவி சண்முகவடிவு சொன்னாள்.

அறுபத்தோராம் நாள் இந்துமதி கடைக்கு வந்தாள். வெயில் படாமல் வெளுத்திருந்தாள். ஒரு கிலோ அரிசி கேட்டாள். தராசு சரியாக ஒரு கிலோ காட்டியது. பால்துரை அதை அவள் பையில் கொட்டினார். அவள் பையை மூடவில்லை.

“எடை சரியா இருக்கும்மா” என்றார்.

“சரியாத்தான் இருக்கு, அண்ணாச்சி” என்றாள். பை திறந்தபடியே இருந்தது.

எதிர்க்கடையில் மகாராஜன் பார்த்துக்கொண்டிருந்தான். பால்துரை மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டார். பிறகு இன்னொரு பிடியும் போட்டார்.