என் கோபத்தில் நடித்த குலேந்திரன்

சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சாவுச் செய்தி வந்தது. "ஐயா, நீங்கள் ஒருத்தரைப்போலக் கதைச்சுக் காட்டுறனீங்களெல்லே, அந்த நடிகர் குலேந்திரன் மோசம் போயிட்டாராம்," என்றார் வியாபாரி. துக்கமும் கோபமும் ஒன்றாக ஏறியதில் கத்தரிக்காய் என் கையிலேயே வதங்கிவிட்டது. அவரைப்போல நான் கதைக்கிறேனாம்! அரை நூற்றாண்டாக என்னைப்போலக் கதைத்துப் புகழ்பெற்றவர் அவர்.

அவரை அறிந்த நீங்கள் இதையும் அறியவேண்டும். ஒருநாள் என் வெங்காயத் தோட்டத்துக்குள் அயலவரின் ஆடு புகுந்தது. நான் திட்டிய திட்டில் பருத்தித்துறைக் கடல் ஒரு முழம் பின்வாங்கியது. வேலிக்கு அப்பால் நின்று குலேந்திரன் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கிழமையில் வானொலி நாடகமொன்றில் குலேந்திரன் நடித்த ஊர் அதிகாரி விதானையார், அப்படியே என்னைப்போல இருமி, மூக்கால் இழுத்து, கடைசிச் சொல்லை மட்டும் மெதுவாக வைத்துத் திட்டினார். என் மனைவி உருகிப்போனா. "உந்த மனிசன் திட்டினாலும் எவ்வளவு வடிவாய்க் கிடக்கு!"

பிறகு படங்களில் பூசகர், டாக்குத்தர், கள்ளன். தொலைக்காட்சியில் மருமகளை வதைக்கும் மாமனார். வேடத்துக்கு வேடம் நடை மாறும், முதுகு மாறும், வயதே மாறும். கோபம் வருகிற இடத்தில் மட்டும் நான் வருவேன். அந்த மாமனாருக்காக அச்சுவேலி பஸ்ஸில் ஒரு பெண் அவரைக் குடையால் அடித்தாளாம். எனக்குச் சேரவேண்டிய அடி!

"டேய், உது என்ரை குரலெண்டு பேட்டியிலை ஒருக்கால் சொல்லடா," என்று கெஞ்சியிருக்கிறேன்.

"மச்சான், நீ ஆட்டுக்குச் செலவழிச்சதை நான் நாட்டுக்குக் குடுத்தனான். உன்ரை பேரைச் சொன்னால் ஆட்டின்ரை பேரையும் சொல்லவேணுமே!"

செத்தவீட்டில் அஞ்சலி உரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உண்மையை உடைப்பதென்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். எழும்பியபோது அவர் மனைவி பூமணி கையைப் பிடித்தா. "அண்ணை, அவரைப்போல ஒருக்கால் திட்டுங்கோ. கேக்கவேணும்போலை கிடக்கு."

இருமினேன். மூக்கால் இழுத்தேன். "உங்களுக்கெல்லாம் வீட்டிலை வேலையில்லையோ? என்னத்துக்கு இஞ்சை வந்து நிரையாய்க் குந்தியிருக்கிறியள்?"

சனம் சிரித்தது. பூமணி முகத்தைப் பொத்திக்கொண்டு, "அவரேதான்... அவரேதான்," என்று அழுதா.

நான்கு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு என் இடத்தில் போய் இருந்துவிட்டேன்.

குலேந்திரன், உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என் சொந்தக் குரல்தான். பூமணிக்கு முன்னால் அது உன்ரை குரல். வேறெங்கும் விட்டுத்தர மாட்டேன்.