அல்போன்சம்மா சொன்ன அடையாளம்

அல்போன்சம்மா லேசிலை ஆரையும் நம்புற ஆள் இல்லை. மொன்ட்ரியாலிலை, லாசால் பக்கம் இருக்கிற அவவின்ரை வீட்டுக் கதவை ஆரும் தட்டினால், முதல் ரீவியை நிப்பாட்டுவா. பிறகு செருப்பைக் கழட்டிப்போட்டு, சத்தமில்லாமல் வந்து கதவு ஓட்டைக்குள்ளாலை பாப்பா. பீட்சாக்காரனுக்கும் இதே மரியாதைதான். சும்மா வந்த பயமில்லை அது. உள்ளறையிலை தம்பி வலன்ரைன் இருந்தான். அவன்ரை அகதி வழக்கைத் தள்ளி, நாட்டை விட்டுப் போகச்சொல்லிக் கடிதம் வந்து ஏழு மாதம். அது 2008, மன்னாரிலை சண்டை உக்கிரமா நடந்த நேரம். திருப்பி அனுப்பினால் அவனுக்கு என்ன நடக்கும் எண்டு அவவுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அவவுக்கு வேலை, நகரத்துக்குள்ளை ஒரு கலைக்கூடத்திலை நிலம் துடைக்கிறது. போன மாதம் ஒருத்தன் வெறும் கதிரையொண்டைத் தொங்கவிட்டிட்டுப் போனான், சனம் வாயைப் பிளந்து பாத்துக்கொண்டு நிண்டது. இந்த ஆக்களுக்கு வேறை வேலை இல்லை எண்டதுதான் அவவின்ரை முடிவு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலமை வாளியோடை உள்ளை போனவ அப்பிடியே நிண்டிட்டா. சுவர் முழுக்கப் பெரிய கறுப்பு எழுத்து. பிரெஞ்சை எழுத்துக்கூட்டி வாசிச்சா. பெயர் சுசான். வயது இருபத்திரண்டு. கட்டை. தாடையிலை தழும்பு. ஓடிப்போயிட்டாள், ஆத்துப்பக்கம் போனதாக் கேள்வி. ஒளிச்சு வைச்சிருக்கிற ஆக்களிலை வழக்குப் பாயும். பிடிச்சுத் தாறவைக்குச் சன்மானம்.

வாளியைக் கீழை வைச்சா. ஒளிச்சு வைச்சிருக்கிற ஆக்கள் எண்டு எழுதின இடத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சா. இப்ப சுவரிலை எழுதிப் பிடிக்கத் துடங்கிட்டாங்களோ?

அந்த நேரம் பாத்து, கமராவோடை ஒரு கறுப்பினப் பிள்ளை வந்தாள். மிர்லான்ட் எண்டு பெயர், ஹெயிட்டியிலையிருந்து வந்த குடும்பம், நகரத்தின்ரை வடக்கிலை, மொன்ட்ரியால்-நோரிலை வளந்தவள். சுவர் எழுத்து அவளின்ரை வேலைதான்.

"மதாம், வீட்டிலை என்ன மொழி கதைப்பியள்? ஆரார் இருக்கிறியள்?"

"தனியத்தான்." கேள்வி முடிய முதலே மறுமொழி வந்திட்டுது.

சுவரிலை இருக்கிறதைச் சனிக்கிழமை சனத்துக்கு முன்னாலை, கமராவைப் பாத்துத் தமிழிலை வாசிக்க ஏலுமோ எண்டு மிர்லான்ட் கேட்டாள். பேந்து சொல்லுறன் எண்டு அல்போன்சம்மா நழுவிட்டா.

"அக்கா, ஏலாதெண்டு சொல்லிவிடுங்கோ," எண்டான் வலன்ரைன், இரவு வீட்டிலை.

"சொன்னால், இந்த மனுசி ஏன் பயப்பிடுது எண்டு அந்தப் பெட்டை கிண்டமாட்டாளோ?"

அடுத்த நாள் அவவே மெல்ல ஆழம் பாத்தா. ஆர் இந்தச் சுசான்? உனக்கு ஆர் சம்பளம் தாறது? மிர்லான்ட் சிரிச்சுக்கொண்டு பழைய பேப்பர் ஒண்டின்ரை நகலை நீட்டினாள்.

"இருநூறு வருசத்துக்கும் முந்தின விளம்பரம் மதாம். சுசான் ஒரு அடிமை. எசமான் போட்டது."

"அமெரிக்காவிலையோ?"

"இல்லை, இஞ்சை. இதே ஊரிலை. இஞ்சை அடிமையள் இருந்ததே கனபேருக்குத் தெரியாது. அதுக்குத்தான் ஆளுக்காள் பெட்டியிலை ஏறி வாசிக்கிறது, வீடியோவாப் போடுறது."

அல்போன்சம்மா பேப்பரைத் திருப்பிப் பாத்தா, மணந்தும் பாத்தா. "பேந்து பிடிச்சவங்களோ?"

"தெரியாது. அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை."

தகவல் இல்லையெண்டால் பெட்டை தப்பியிருக்கவேணும். அல்போன்சம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. உடனை அடுத்த சந்தேகமும் வந்தது. தப்பிப் போனவளின்ரை தழும்பை இப்ப ஏன் ஊருக்குக் கூவிச் சொல்லவேணும்? மிர்லான்ட் நல்லவளா இருக்கலாம். கேக்க வாற சனத்துக்குள்ளை ஆரார் நிப்பினமோ?

சனிக்கிழமை நல்ல சனம். ஒருத்தர் ஹெயிட்டிக் கிரியோல் மொழியிலை வாசிச்சார், ஒருத்தி அரபியிலை. அல்போன்சம்மா மரப்பெட்டியிலை ஏறினா. கமராவிலை சிவப்பு லைற் எரிஞ்சது. சுவரைப் பாத்துக்கொண்டு, பூசையிலை வாசகம் வாசிக்கிற குரலிலை சொன்னா:

"சுசான் நல்ல நெட்டை. வயது ஐம்பதுக்கு மேலை. முகத்திலை ஒரு தழும்பும் கிடையாது. ஆத்துப்பக்கம் போகேல்லை, மலைப்பக்கம் போனவ. நான் என்ரை கண்ணாலை கண்டனான். அங்கை போய்த் தேடுங்கோ."

சனம் கைதட்டினது. மிர்லான்ட் கண்ணைத் துடைச்சுக்கொண்டு வந்தாள். "மெர்சி மதாம். எழுதியிருந்தது எல்லாத்தையும் வாசிச்சியளோ?"

"ஓம்," எண்டு சொன்னா அல்போன்சம்மா. "ஒண்டும் பிசகாமல்."

வீட்டை வந்து கதவைப் பூட்டி, பூட்டை இழுத்தும் பாத்தா. வலன்ரைன் அறைக்குள்ளையிருந்து எட்டிப் பாத்தான். "என்னக்கா நடந்தது?"

"அவளை இனி ஒருத்தராலும் பிடிக்கேலாது," எண்டு சொல்லி, அவனுக்குச் சோத்தைப் போட்டா.