அக்ரூட் மரமும் கை தூக்கியவர்களும்

என் அண்ணி பழைய மேஜை நாற்காலிகளுக்கு மெருகேற்றுகிறவர். அண்ணன் போன பிறகு தனி ஆளாக அவர் நடத்தும் பட்டறை எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், முற்றத்து அக்ரூட் மரத்தைப் பார்த்தபடி இருக்கிறது. பட்டறைக்கு வேண்டிய சரக்கில் பாதி அந்த மரம் கொடுப்பது. மேஜையில் கீறலா? பருப்பை இரண்டாக உடைத்து அதன்மேல் தேய்ப்பார். எண்ணெய் இறங்கிக் கீறல் மறைந்துவிடும். வெளிறிய பலகையா? காயின் பச்சைத் தோலை ஊறவைத்த கருஞ்சாற்றைப் பூசுவார். ஒரு முறை மேஜைக்குப் புதுக்கால் ஒன்று போட்டுச் சாறு பூசினார். எது புதுக்கால் என்று கேட்டால், பூசியவருக்கே தெரியவில்லை.

குடியிருப்பில் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? துணிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க அலமாரிக்குக் காய்ந்த இலை வாங்கிப் போனார்கள். ஷூவைக் கழற்றினால் வீடே மூக்கைப் பிடிக்கும் கால்களுக்கு இலை கொதித்த வெந்நீர். “வயித்துக்குள்ள போற மருந்துன்னா டாக்டரைப் பாருங்க. எனக்கு வெளிப்பூச்சு மட்டுந்தான் தெரியும்” என்று அண்ணி கறாராகச் சொல்லிவிடுவார்.

ஆனால் அதிகம் போனது தலைக்குத்தான். காய் உதிரும் பருவத்தில் பச்சைத் தோலை அரைத்து, மூடி போட்ட கிண்ணத்தில் கொடுப்பார். யாருக்கு என்று கேட்கவே மாட்டார். “கையுறை போட்டுக்கிட்டுப் பூசுங்க. கையில பட்டா சோப்பு, எலுமிச்சை எதுக்கும் போகாது. தோல் உரிஞ்சாத்தான் உண்டு” என்ற எச்சரிக்கை மட்டும் ஒவ்வொரு கிண்ணத்தோடும் இலவசம். வாங்குகிறவர்கள் மாமியாருக்கு என்பார்கள், சித்தப்பாவுக்கு என்பார்கள். எங்கள் குடியிருப்பில் யாருக்குமே நரைப்பதில்லை பாருங்கள்! என் தலையில் முடியே கிடையாது. ஆகவே இந்த விஷயத்தில் நான் முழு நடுநிலையாளன்.

இப்படியிருக்க, மூன்றாம் மாடிக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் குடிவந்தார். கரிய மீசை, வெள்ளைக் கார். காரை நிறுத்தியதோ மரத்தடியில். காய் விழுந்து உடைந்த இடமெல்லாம் கார்மேல் பழுப்புக் கறை. மனிதர் கொதித்துப் போனார்.

“அதுக்கடியில புல்லுகூட முளைக்கல. வெட்டிட்டா எல்லாருக்கும் கார் நிறுத்த இடம் கிடைக்கும்” என்று வீடு வீடாகப் பேசினார். கார் இல்லாதவர்கள்கூட வாக்குக் கொடுத்தார்கள். மரம் வேண்டும் என்றால், எதற்கு என்று கேட்பாரே! ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் முடிவெடுப்பதாக ஏற்பாடு.

எதற்கும் அசராத அண்ணியின் முகத்தில் அன்றுதான் பயத்தைப் பார்த்தேன்.

“கடைச் சாயத்துல அந்த நிறம் வராது தம்பி. மரம் போச்சுன்னா பட்டறையை மூட வேண்டியதுதான்.”

“யார் யார் தலைக்கு வாங்கினாங்கன்னு கூட்டத்துல போட்டு உடைச்சிடுங்க அண்ணி. வாயைத் திறக்கமாட்டாங்க.”

“நம்பி வாங்கிட்டுப் போனதை நான் வெளியில சொல்லவா? அதுக்குப் பட்டறையை மூடிட்டே போயிடலாம்” என்று வெடுக்கென்று சொன்னார். எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

கூட்டத்தில் ஒரு விநோதத்தைக் கவனித்தேன். எல்லோர் கைகளும் சட்டைப் பையில், முந்தானைக்குள், முதுகுக்குப் பின்னால். டீ வந்தது, எடுத்துக்கொள்ள ஒருவரும் கையை நீட்டவில்லை.

சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். “மரத்தை வெட்டணும்ங்கறவங்க கை தூக்குங்க.”

டிரைவிங் ஸ்கூல்காரர் விறைப்பாக உயர்த்தினார். அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கரும்பழுப்பு. அட, மீசை! வாக்குக் கொடுத்துவிட்ட மற்றவர்களும் தயங்கித் தயங்கி, விரல்களை மடக்கிக்கொண்டு தூக்கினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? உள்ளங்கை, நகக்கண், சிலருக்கு மணிக்கட்டு வரைக்கும் கறை. தன் வீட்டில் மட்டும்தான் இந்த ரகசியம் என்று நினைத்திருந்த ஒவ்வொருவரும் பக்கத்துக் கையைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அண்ணி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டத்தின் மானமே கப்பலேறியிருக்கும். நான் அதற்காகவே காத்திருந்தேன்.

அண்ணி எழுந்தார். “எண்ணியாச்சுன்னா கையை இறக்கச் சொல்லுங்க சார். பாவம், எல்லாருக்கும் வலிக்கும்.”

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தலைவர் எண்ணவில்லை. தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நான் கேள்வியைத் தப்பாக் கேட்டுட்டேன். மரம் இருக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க” என்றார்.

அதே கைகள்தான். இந்த முறை விரல்களை யாரும் மடக்கவில்லை.

கார் இப்போது சுவரோரம் நிற்கிறது. மறுநாள் எதிர்க்கடையில் கையுறை தீர்ந்துபோயிற்று. முதல் ஜோடியை வாங்கியது டிரைவிங் ஸ்கூல்காரர். அதைப் போட்டுக்கொண்டே பட்டறைக்கு வந்து, காலிக் கிண்ணத்தை அண்ணியிடம் நீட்டினார்.